கருவி அறைக் கதவு

சூரியகாந்தி அறுவடை முடிகிற வாரம் எங்கள் வடக்கு டகோட்டாச் சுண்டெலிகள் வீடு மாறும். இயந்திரம் ஓடி முடித்த வயலில் அவற்றுக்கு மறைவும் இல்லை, தீனியும் இல்லை. பனி வரப்போகிறது என்பது நமக்கு முன்னால் அவற்றுக்குத் தெரிந்துவிடுகிறது. நேரே கோர்ட் கட்டடத்துக்கு வந்து சேரும். வரி கட்டுகிறவர்களைவிட ஒழுங்காக வரும்.

அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில்தான் ஸ்டோர்லி கவுண்டிக்கு, அதாவது எங்கள் மாவட்டத்துக்கு, அவசர அழைப்புகளை எடுக்கிற 911 மையம் இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் கருவி அறை. ஃபோன், ரேடியோ, கம்ப்யூட்டர் என்று கவுண்டியின் எல்லாக் கேபிளும் வந்து கூடுகிற இடம் அது. அதைப் பார்த்துக்கொள்வது நான் ஒருவன். எனக்கு உதவிக்கு ஆள் கேட்டு எழுதி எழுதி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

எலி விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேன். சுவரைத் துளைத்து வரும் ஒவ்வொரு குழாயின் வாயிலும் செம்புக் கம்பி வலையைத் திணித்து, அதன்மேல் பூச்சு வைத்து அடைத்திருக்கிறேன். ஸ்டீல் உல் என்கிற இரும்பு நார் மலிவுதானே என்பார்கள். அது துருப்பிடித்துத் தூளாகிக் கருவிக்குள் பறந்தால் எலியே தேவையில்லை, எல்லாம் தானாகப் போய்விடும். கேபிள்களின் மேல் காரம் ஏற்றிய டேப் சுற்றியிருக்கிறேன். சுற்றிய கையால் கண்ணைத் தொட்டு ஒரு நாள் பூரா அழுதிருக்கிறேன். விஷம் மட்டும் வைப்பதில்லை. விஷம் தின்ற எலி மரியாதையாக வெளியே போய்ச் சாகாது. கை எட்டாத இடமாகப் பார்த்துச் சாகும். ஒரு வருஷம், கவுண்டியை நடத்துகிற கமிஷனர்கள் யாரோ விற்பனையாளர் பேச்சைக் கேட்டு, எலிக்கு மட்டும் கேட்கிற சத்தம் போடும் பெட்டி ஒன்று வாங்கித் தந்தார்கள். அது கொஞ்சம் சூடாக இருக்கும். எலி அதன்மேல் படுத்துத் தூங்கியது.

இத்தனையையும் மீறி இந்த இலையுதிர்காலத்தில் அழைப்புகள் வருகிற ஃபைபர் கேபிளை எலி கடித்தது. ஒட்டிச் சரிசெய்தேன். மறுபடி கடித்தது. இரண்டாவது தடவை கடித்தபோது நேரம் காலை, காற்று நல்ல காற்று. பழைய வோலர் இடத்தில் ஓர் அறுவடை இயந்திரம் தீப்பிடித்தது. எங்கள் மையம் செத்துக் கிடந்ததால் அழைப்பு பக்கத்துக் கவுண்டிக்குப் போய்விட்டது.

எங்கள் ஊரில் முகவரி எண்ணை யாரும் சொல்வதில்லை. நிலத்தை எப்போதோ வைத்திருந்தவர் பெயரைத்தான் சொல்வார்கள். வோலர் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குப் போய் எந்தக் காலமோ ஆகிறது. பக்கத்துக் கவுண்டிக்காரன் வோலர் என்ற பெயரைக் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தான். எங்கள் மையத்து ரெனே தன் சொந்தக் கைப்பேசியில் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டு அனுப்புவதற்குள் இயந்திரம் எரிந்து எலும்புக்கூடாகிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

அது போதுமே ஓரினுக்கு. ஓரின் கவுண்டி கமிஷனர்களில் ஒருவர். மையத்தை மூடிவிட்டு அழைப்புகளை மாநிலத் தலைநகர் பிஸ்மார்க்குக்கு மாற்றிவிட வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிவருபவர். கஃபேயில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டெல்மர், உன் ரூமு எலிக்குச் சத்திரமா ஆயிருச்சாமே. வாடகையாவது வாங்கிப் போடு, கவுண்டிக்கு ஆகும்."

"கவுண்டி கட்டடம்தானே. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கும்."

"சிரிக்காத. நூறு வருஷத்துக் கல்லு. ஒரு ஓட்டைய அடைச்சா இன்னொரு ஓட்ட. உன்னைக் குத்தம் சொல்லலப்பா. கட்டடம் அப்படி. வர்ற செவ்வாக்கெழம ஓட்டுக்கு விடப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு பூன வளத்துப் பாரு."

"பூன முடி ஃபில்டர்ல அடைச்சா நீங்க வந்து ஊதுவீங்களா?"

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சிக்கல். அவர் சொல்வது மற்றவர்களுக்கு நியாயமாகப் படும். ஓட்டு எண்ணிப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை அவர் பக்கம்தான் சாயும் போலிருந்தது.

திரும்பி வந்தபோது ரெனே என் மேசைமேல் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி இருந்தாலும் மேசைமேல்தான் உட்காருவாள். மையத்தில் ஐந்து பேர், அவள்தான் தலைமை. அவள் வீட்டுக்காரர் லோரனுக்கு நரம்பு நோய். முதலில் கால் பின்னியது, இப்போது கை. நல்ல நாட்களில் டிராக்டரில் ஏறுவார். ஏறிய பிறகு இறங்க முடியாமல் போன நாளும் உண்டு.

"என்னத்த நோயின்னு கேட்டியே அன்னைக்கு," என்றாள். "டாக்டர் சொன்னதுல எனக்கு ஒண்ணுதான் புரிஞ்சுது. உன் எலி ஒயரோட தோல உரிக்குதில்ல, அந்த மாதிரி அவரு நரம்போட தோல அவரு ஒடம்பே உரிக்குது. அதுக்கு ஒரு ஊசி. அதோட வெலையச் சொன்னா நீ நாற்காலிய விட்டு விழுந்துருவ. கவுண்டி இன்ஷூரன்ஸ் இருக்கறதால ஓடுது."

"பிஸ்மார்க்ல வேல தர்றேங்கறாங்களே."

"போக வர ரோட்டுலயே கெடந்தா லோரன யாரு பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போறது? நீ போறியா?" பதிலுக்குக் காத்திராமல் இறங்கினாள். "செவ்வாக்கெழமைக்குள்ள அந்த ஓட்டையக் கண்டுபிடி டெல்மர். கண்டுபிடிச்சேன், அடைச்சேன், இனிமே வராதுன்னு நீ சொன்னா ரெண்டு பேராவது மாறுவாங்க. என் வேலையும் லோரன் ஊசியும் உன் கையில இருக்கு. சும்மா சொல்றேன்னு நெனைக்காத."

அந்த வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தேன். பூச்சில் பல் பட்ட அடையாளமே இல்லை. வெளிச் சுவர், ஜன்னல் விளிம்பு, பழைய கரி கொட்டும் துவாரம் எல்லாம் பார்த்தாயிற்று. கமிஷனர்கள் கட்டடத்தைத் திட்டுகிறார்களே, அந்தக் கல் என்னைவிட நன்றாக இருந்தது. என் அறையில் ஓட்டையே இல்லை. ஆனால் எலி இருக்கிறது.

கடைசியில், தச்சர்கள் கோடு போட நூலில் தடவுகிற நீலப் பொடியை வாங்கிவந்து, சனிக்கிழமை சாயங்காலம் கருவி அறைத் தரை முழுக்க மெல்லிசாகத் தூவினேன். யாரிடமும் சொல்லவில்லை. எலி எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து பாதத்தடம் வரும், அவ்வளவுதான் கணக்கு. திங்கட்கிழமை காலையில் வழக்கத்துக்கு முன்பே போய்த் திறந்தேன்.

தடம் இருந்தது. எலித் தடம் பொட்டுப் பொட்டாக, அழகாக. சுவரிலிருந்து அல்ல, 911 மையத்துக்கும் கருவி அறைக்கும் நடுவில் இருக்கிற உள்கதவின் அடியிலிருந்து வந்தது. பக்கத்திலேயே ஷூத் தடம். ஒரு ஷூ இல்லை. பெரிசும் சின்னதுமாகப் பல ஷூக்கள், போவதும் வருவதுமாகச் சந்தைக்குப் போன வழிபோல இருந்தது.

உள்கதவு எப்போதும் பூட்டியிருக்க வேண்டியது. போலீஸ் தகவல்கள் ஓடுகிற கருவிகள் என்பதால் அந்தக் கதவைத் திறந்துவைக்கிறவருக்கு வேலை போகும் என்பது கவுண்டி போலீஸுக்குத் தலைவரான ஷெரிஃபின் விதி. அந்தக் கதவைத் திறக்கும் அட்டை வைத்திருப்பவர்கள் நான், ஷெரிஃப், ரெனே மூன்று பேர்தான். நான் வருவது நடைபாதைப் பக்கத்துக் கதவு வழியாக. கிட்டே போய்ப் பார்த்தேன். பூட்டின் நாக்கு விழாதபடி, காப்பிக் கோப்பையைச் சுற்றுகிற அட்டையை மடித்துச் செருகியிருந்தார்கள். கதவு ஒரு விரல் அளவுக்கு ஒருக்களித்து நின்றது. சுண்டெலிக்கு ஒரு விரல் என்பது ராஜபாட்டை. தெரு வாசலில் ஆட்களோடு ஆளாக நுழைந்து மையம் வரை வந்துவிட்டால் பிறகு தடையே இல்லை.

ஷூத் தடங்கள் கருவிகளை அடுக்கியிருக்கும் கடைசி ரேக்கின் பின்பக்கம் போய் நின்றன. அங்கே கருவிகளின் காற்றாடிகள் வெந்நீர்போலச் சூடான காற்றைத் தள்ளும். அந்தக் காற்றுக்கு எதிரே, கேபிள் கட்டுக்குக் கீழே, பூப்போட்ட துணிப் பை ஒன்று கிடந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் காய்ந்த மக்காச்சோளத்தைத் துணிப் பையில் போட்டுத் தைத்து, மைக்ரோவேவில் சூடாக்கிக் கழுத்திலோ மடியிலோ வைத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் உண்டு. போன கிறிஸ்துமஸுக்கு கமிஷனர்களின் தலைவி ஆர்லிஸ், கவுண்டி ஊழியர் ஒவ்வொருவருக்கும் பெயர் பின்னி ஒரு பை தைத்துக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். 911 மையத்திலோ கம்ப்யூட்டர்களுக்காகக் குளிர்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். உட்காருகிறவர்களுக்கு விரல் மரத்துவிடும். ஹீட்டரும் மைக்ரோவேவும் சேர்ந்து ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டதால் இரண்டையும் அங்கே தடைசெய்திருந்தார்கள். அதனால் இவர்கள் சோளப் பையை ரேக்கின் சூட்டில் வாட்டியிருக்கிறார்கள். நான் வருகிற நேரத்தில் பைகள் அவரவர் கழுத்தில் இருக்கும், கதவும் பூட்டியிருக்கும். இது ஒன்று மட்டும் கேபிளுக்குக் கீழே நழுவி, யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது.

பையைத் தூக்கினேன். ஓரத்தில் ஓட்டை. சோளம் பாதி இல்லை. தையலுக்குள் பஞ்சும் நூலுமாகக் கூடு கட்டி, பிஞ்சுக் குட்டிகள் கண் திறக்காமல் கிடந்தன. தாய்க்காரி என் கைமேல் ஏறிக் குதித்து ஓடினாள். பையின் மறுபக்கம் சிவப்பு நூலில் ரெனே என்று பின்னியிருந்தது.

அவளை நடைபாதைக்குக் கூப்பிட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு நான் கத்தியிருக்க வேண்டும், ஆனால் பக்கத்தில் அழைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன்.

"சுவத்துல ஓட்ட தேடி நான் நாக்குத் தள்ளிக் கெடக்கேன். நீங்க எலிக்குச் சோறு வச்சு, படுக்க போட்டு, கதவையும் தெறந்து விட்டிருக்கீங்க. புத்தி இருக்கா உங்களுக்கெல்லாம்?"

அவள் பையைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. "கடிச்சதுல சம்பந்தம் இருக்கும்னு யாரு கண்டா? நீ எல்லாத்தையும் அடைச்சுட்டேன்னு சொன்னியே."

"கதவத் தவிர எல்லாத்தையும் அடைச்சேன்."

எனக்குக் கோபம் இறங்கி வேறொன்று ஏறியது. "சரி, விடு. சுவத்துல ஒரு ஓட்ட இருந்துச்சு, அடைச்சுட்டேன்னு சொல்லிடறேன். யாருக்குத் தெரியப் போகுது."

"அப்ப ஓரின் சொன்னது சரின்னு ஆயிரும். இந்த வருஷம் ஒரு ஓட்ட, அடுத்த வருஷம் இன்னொண்ணு." அவள் பையை என் கையிலிருந்து வாங்கவில்லை. "கட்டடத்து மேல பழி போட்டா செண்டர் போயிரும். உள்ளத சொன்னா நான் போயிருவேன். நாளைக்கு வரைக்கும் வாயத் தெறக்காத. நான் யோசிக்கணும்."

அந்தப் பை, கூடு, குட்டிகள் எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோனேன். நீலத் தடங்களைத் துடைத்தேன். மையத்துக்குள்ளும் போயிருந்தன, ஐந்து நாற்காலிக்கும். அதையும் துடைத்தேன். தாய்க்காரி அன்று மாலை பொறியில் விழுந்தாள். வேர்க்கடலை வெண்ணெய்தான் வைத்திருந்தேன். சோளம் போன பிறகு பசி வந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மதியக் கூட்டத்துக்கு மாடியில் எள் விழ இடமில்லை. கமிஷனர்கள் மேசையில், ஆர்லிஸ் நடுவில். ஓரின் எழுந்து கட்டடத்தின் வயதைப் பற்றியும் தீப்பிடித்த இயந்திரத்தைப் பற்றியும் நிதானமாகப் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு என்னைப் பார்த்து, "டெல்மர், ஓட்ட கெடச்சுதா?" என்றார்.

நான் எழுவதற்குள் ரெனே எழுந்துவிட்டாள்.

"ஓட்ட இல்ல. கட்டடத்துல ஒரு கொறையும் இல்ல. டெல்மர் ஈ நுழையாதபடி அடைச்சிருக்கான். உள்கதவ நான் தெறந்து வச்சேன். ரேக்குக்குப் பின்னாடி என் சோளப் பைய சூடு பண்ணினேன். எலி அதுக்குத்தான் வந்துச்சு. பை போச்சு, எலியும் போச்சு."

அறையில் ஒரு சலசலப்பு. ஆர்லிஸின் கை வாய்க்குப் போயிற்று. அவர் தைத்த பை அல்லவா. ஷெரிஃப் லைல் சுவரில் சாய்ந்து நின்றவர் நிமிர்ந்தார். "கதவ நீயா தெறந்து வச்ச?"

"நான்தான்."

"நீ மட்டுமா? இல்ல, எல்லாருமா?" இது ஓரின்.

"நான் மட்டும்."

வேலையில் இல்லாத மூன்று பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் அசையவில்லை. மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். ஓரின் என் பக்கம் திரும்பினார். "அப்படியா டெல்மர்? ஒரு ஆள்தானா?"

ஐந்து நாற்காலிக்கும் போன நீலத் தடம் என் கண்ணில் நின்றது. ரெனே என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, சும்மா பார்த்தாள்.

"அங்க ஒரு பைதான் இருந்துச்சு," என்றேன். "அதுல ஒரு பேருதான் பின்னியிருந்துச்சு."

மையத்தை மாற்றும் தீர்மானம் தோற்றது. கட்டடத்தில் குறையில்லை என்று ஆன பிறகு ஓரினுக்குப் பேச ஒன்றும் இல்லை. அடுத்து ஷெரிஃப், விதி விதிதான், இன்றோடு ரெனேயை 911-லிருந்து எடுக்கிறேன் என்றார். சொல்லும்போது அவர் ரெனேயைப் பார்க்கவில்லை. ரெனே அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதோடு முடிந்தது என்று நாங்கள் எழப்போனோம். ஓரின் மட்டும் எழவில்லை.

"லைல், ஜெயிலுக்குச் சமையல் ஆள் இல்லாம எத்தன நாளா கேண்டீன் பொட்டலம் வாங்கிட்டிருக்கீங்க?" என்றார். "அதுவும் கவுண்டி வேலதானே. இன்ஷூரன்ஸ் அதே இன்ஷூரன்ஸ்தானே."

ஷெரிஃப் கொஞ்சம் விழித்தார். "ஆமா. அதேதான்."

"நடுவுல ஒரு நாளும் விடாம மாத்தணும். விட்டா இன்ஷூரன்ஸ்காரன் ஊசிக்குக் குடுக்க மாட்டான்." ஓரின் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். லோரன் நிலத்துக்கு அடுத்த நிலம் அவருடையது. இந்த வருஷம் லோரனின் சூரியகாந்தியை அவர்தான் அறுத்துக் கொடுத்திருந்தார். ரெனே, "சூப்பும் இறைச்சியும்தான் எனக்கு வரும்," என்றாள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

படியிறங்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. "அந்த மூணு பேரும் கல்லு மாதிரி உக்காந்திருந்தாங்க. வெக்கமா இல்ல? உன் சோத்துல மண்ணு விழும்போது ஒருத்தராவது எந்திரிச்சு நானுந்தான்னு சொல்லியிருக்கலாமே."

"நான்தான் எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னேன். சத்தியம் வாங்கிட்டேன்."

"எதுக்கு?"

"அஞ்சு பேரும் செஞ்சாங்கன்னா அந்த எடமே அப்படின்னு சொல்லி மூடிருவாங்க. ஒருத்தி செஞ்சான்னா அந்த ஒருத்திய அனுப்பிட்டு எடத்த வச்சுக்குவாங்க." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி நின்றாள். "லோரன் எங்கேயாவது வயல்ல விழுந்து கெடந்தா, எந்த வயல்னு தெரிஞ்ச ஆளு ஃபோன எடுக்கணும். எடுக்கறது நானா இல்லாட்டிப் போகுது. ஜெயில் வேல ஓரின் குடுத்தது. அது என் கணக்குலயே இல்ல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இன்ஷூரன்ஸும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேதான் அவள் எழுந்து நின்றிருக்கிறாள். அழுகை வந்தது. நான் அழுகிற ஆள் இல்லை.

அவளுடைய கோட்டு மையத்துக்குள் மாட்டியிருந்தது. என் அட்டையைக் காட்டி மையத்தின் நடைபாதைக் கதவைத் திறந்தேன். உள்ளே கேலின் மட்டும் இருந்தாள்; ஐவரில் இளையவள். காதில் ஃபோன். எங்களைப் பார்த்ததும் கண் கலங்கியது, ஆனால் அவள் அழைப்பில் இருந்தாள்.

"சிம்பல்மன் எடத்துக்குப் பின்னாடி புகையா? சரிங்க. சிம்பல்மன்..." அவள் கை விசைப்பலகைமேல் நின்றது. அந்தப் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. சிம்பல்மன் செத்தது கேலின் பிறப்பதற்கு முன்னால்.

ரெனே நிலைப்படியில் நின்றாள். காலை உள்ளே வைக்கவில்லை. இனி வைக்கக் கூடாது. வெளியே நின்றபடியே மெதுவாகச் சொன்னாள். "இப்ப ஹுயிதர் பசங்க வச்சிருக்கற எடம்மா. சர்ச்சுக்கு வடக்க. வண்டிய மேக்குப் பக்கமா வரச் சொல்லு, கெழக்குப் பாலம் தாங்காது."

கேலின் அதை ரேடியோவில் வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். தெருவில் தீயணைப்பு வண்டியின் சத்தம் எழுந்தது. நான் உள்ளே போய்க் கோட்டை எடுத்துவந்து கொடுத்தேன். ரெனே அதை மாட்டிக்கொண்டு பொத்தான் போட்டாள். அவள் கண் மட்டும் தன் பழைய நாற்காலியின் மேலேயே இருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"சாத்து டெல்மர்," என்றாள். "எலி வந்துரும்."